எச்சில் கழிவு

பேரில் கனகம், வாயில் பித்தளை என்று துளசிங்கம் தன் பெண்டாட்டியைக் கேலி செய்யாத நாள் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். கனகவல்லி சிரிக்க மாட்டாள். சிரித்தால் கீழ்வரிசைக் கடைவாயில் இரண்டு பல் மஞ்சளாக மின்னும். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "தங்கமாக்கா?" என்று கேட்பார்கள். "அட, பித்தளைங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அது தங்கம்தான். அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதைப் பித்தளை என்று சொல்ல வேண்டிய கதி அவளுக்கு ஏன் வந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

துளசிங்கம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கோவிலம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தங்கமான மனுஷன் வீட்டில் தங்கம் மட்டும் தங்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே வியாதி, வியாபாரம். கேசட் கடை வைக்கப் போகிறேன் என்று அவளுடைய சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வைத்தான். அந்தக் கடை ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. டெலிபோன் பூத்துக்கு வளையல் போயிற்று. வண்ணமீன் வளர்த்து விற்கிறேன் என்று மூக்குத்தியை வாங்கிக்கொண்டு போனான். மூக்குத்தியும் போயிற்று, மீன்களும் போயின. நகையைக் கழற்றித் தரச் சொல்லும்போது மட்டும் பேச்சில் தேன் ஒழுகும். "ரெண்டே மாசம், மூட்டுக் குடுத்துர்றேன் கனகு." மீட்டதாகச் சரித்திரமே இல்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது நகை போனதற்காக மட்டுமல்ல. ஊரே அதை நியாயம் என்று சொன்னதற்காகவும்தான். "ஆத்திர அவசரத்துக்கு ஒதவத்தானேம்மா நகை?" என்று அவளைப் பெற்றவர்களே சொன்னார்கள். யாருடைய ஆத்திரத்துக்கு, யாருடைய அவசரத்துக்கு? அவளுக்கும் ஆத்திரம் வரும், அவசரம் வரும் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிசிறு வெட்டுவது என்று அதற்குப் பேர். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து, 1990இல், ஒரு ஜோடி பூக்கம்மல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அப்பா போட்டதில்லை, புருஷன் போட்டதில்லை, அவள் போட்டுக்கொண்டது. வாங்கிய வாரமே துளசிங்கம் அவள் காதைப் பார்த்து, "கம்மல் சோக்கா கீதே கனகு" என்றான். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தையாகி அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தன. குரோம்பேட்டையில் பல்செட் கட்டுகிற ஒருவரிடம் போய்க் காட்டினாள். பல்லைச் சுத்தம் செய்து மேலே தொப்பி மாதிரி மூடி போட வேண்டும் என்றார் அவர். ஸ்டீலிலும் போடலாம், தங்கம் கொண்டுவந்தால் தங்கத்திலும் போடலாம். ஆசாரியிடம் தங்கத்தைக் கொடுத்து நகை செய்துகொள்கிற மாதிரி, தங்கத்தைக் கொடுத்துப் பல் கட்டிக்கொள்கிற வழக்கம் அப்போது இருந்தது. கனகவல்லி யோசிக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள். காதில் இருந்தால்தானே கேட்பான்? வாய்க்குள் கையை விட்டா பிடுங்கப் போகிறான்?

கம்மலை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக வீட்டில் சொன்னாள். பல்மூடி பித்தளை என்றாள். துளசிங்கம் இரண்டு நாள் சோகமாகத் திரிந்தான். பித்தளையை யாராவது வாயில் போடுவார்களா, பச்சை பிடித்துப் போகாதா என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெண்டாட்டி வாய்க்குப் பித்தளை போதும் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவள் காதில் கவரிங்தான். வருஷங்கள் ஓடின. ஏரிக்கரையெல்லாம் பிளாட் ஆனது. தங்கத்தின் விலை யார் பேச்சையும் கேட்காமல் ஏறிக்கொண்டே போனது. ஒரே மகள் ஷர்மிளா படித்து முடித்து, துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் அப்பா வைத்த கடனுக்கே சரியாகப் போனது. 2007இல் அவளுக்குக் குன்றத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையானவர். "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல. பொண்ணு காதுல மட்டும் கவரிங் இல்லாம பாத்துக்கங்க. நாலு பேர் வர்ற எடம்" என்று முடித்துவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்கிறவர்கள் கேட்பதைத்தான் தட்டவே முடியாது.

கனகவல்லி அன்றே முடிவு செய்துவிட்டாள். மகளுக்குக் கம்மல் தன் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேறு எங்கே இருக்கிறது?

மேடவாக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஏஞ்சல் சின்ன வயசு, மெதுவாகப் பேசுகிற பெண். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கோல்ட் க்ரவுனா! இப்பல்லாம் யாரும் போடறதே இல்லம்மா" என்றாள். "ஒரு பல்லு உள்ள கெட்டுப்போயிருக்கு, அத எடுத்துடணும். இன்னொண்ணு நல்லா இருக்கே, அத ஏன் கழட்டச் சொல்றீங்க?"

"நல்லா கீறதாலதான் கழட்டச் சொல்றேன் டாக்டரம்மா."

மூடியை அப்படியே உருவ முடியாது, கீறித்தான் எடுக்க வேண்டும். மெஷின் உறுமியது. பக்கத்தில் ஒரு குழாய் வாய்நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கனகவல்லி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "அந்தக் கொயாய் உறிஞ்சுதே, அதுல எந்தங்கமும் சேந்து போவுதா?"

"பொடிதாம்மா, ஒண்ணும் ஆகாது."

"பொடின்னா தங்கமில்லியா?"

டாக்டர் ஏஞ்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அதற்கப்புறம் கொஞ்சம் பார்த்துத்தான் கீறினாள். மரத்துப்போக ஊசி போட்டுக் கெட்ட பல்லைப் பிடுங்கி, மற்றதற்கு ஸ்டீல் மூடி மாட்டி, வேலை முடிந்தது. உதவிக்கு இருந்த பெண் அந்த இரண்டு தங்க மூடியையும் கழுவி, அலமாரியிலிருந்த ஒரு கண்ணாடி பாட்டிலைத் திறந்து உள்ளே போட்டாள். அதில் ஏற்கெனவே நாலைந்து மஞ்சள் துண்டுகள் கிடந்தன.

கனகவல்லிக்கு நாக்கு மரத்திருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"பழசெல்லாம் மெடிக்கல் வேஸ்ட்டுக்கா. வெளிய குடுக்க மாட்டோம்" என்றாள் அந்தப் பெண்.

கனகவல்லி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கையையும் மடக்கவில்லை. வெளியே அடுத்த ஆள் வீங்கின கன்னத்தோடு காத்துக்கொண்டிருந்தான். வேஸ்ட்டாம். குப்பை என்றால் குப்பைத்தொட்டியில் கிடக்க வேண்டியதுதானே? மூடி போட்ட பாட்டிலில் அதற்கென்ன வேலை? கேட்கத் தெரியாமல் எழுந்து போனவர்களின் பல்லெல்லாம் அங்கே கிடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது மரத்த நாக்கு மட்டும் கட்டுப்பாட்டில் இருந்திருந்தால் அந்த இடமே நாறிப்போயிருக்கும்.

டாக்டர் ஏஞ்சலுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "குடுத்துடு" என்றாள் உதவிப் பெண்ணிடம். அவள் மூடிகளைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கும்போது டாக்டர் ஒரு நல்ல காரியமும் செய்தாள். "இது நகைத் தங்கம் மாதிரி இருபத்திரண்டு காரட் இருக்காதும்மா. சுத்தத் தங்கம் சீக்கிரம் தேஞ்சிடும்னு வெள்ளி, செம்பெல்லாம் கலந்துதான் பல்லுக்குப் போடுவாங்க. பதினாறு காரட் இருக்கும். எடை ஏறியிருக்கும், தரம் கொறஞ்சிருக்கும். கடைல சொன்னா ஏமாத்தறாங்கன்னு நெனைக்காதீங்க."

கனகவல்லி பஞ்சுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய தங்கம் கொஞ்சம் மாற்ற வேண்டும், தாம்பரம் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். தங்கம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே துளசிங்கம் சட்டையை மாட்டிவிட்டான். "பொம்பள தனியா போனா நகைக்கடையில ஏமாத்திடுவாங்க மே. நானும் வரேன்." ஏமாற்றுவதைப் பற்றி அவன் பேசியது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று நடந்து பஸ் ஏறினாள்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பக்தவச்சலத்தின் நகைக்கடை. சின்னக் கடைதான். ஒரு குடும்பம் உட்கார்ந்து தாலிப்பொட்டு பார்த்துக்கொண்டிருந்தது. கனகவல்லி பஞ்சைப் பிரித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். துளசிங்கம் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, உம் பித்தளப் பல்லு?"

"பித்தள இல்ல. தங்கம். பஸ்ல தொலச்சேன்னு சொன்னனே, அந்தக் கம்மல்."

துளசிங்கத்துக்கு அது உள்ளே இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் குரல் உடைந்தது. "இத்தினி வருசமா எங்கிட்ட பொய் சொல்லிகினு இருந்தியா? கட்டின புருசன இப்படி ஏமாத்தலாமா?"

அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! சங்கிலி, வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, தட்டில் கடைசி வாய் மிச்சம் வைக்கவில்லை என்று கோபப்படுகிறான். கண்கூடக் கலங்கியிருந்தது. கனகவல்லி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பக்தவச்சலம் மூடியைக் கறுப்புக் கல்லில் உரசினார், ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். "டச்சு அறுபத்தஞ்சுதாம்மா வருது" என்று வருத்தமாகச் சொன்னார். நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதைத்தான் கடைக்காரர்கள் டச்சு என்பார்கள். நல்ல நகை தொண்ணூற்று இரண்டு நிற்கும்.

"அவ்ளோதான் வரும். பல்லுக்குக் கலந்துதான் போடுவாங்க. எட போடுங்கண்ணா."

அவள் அழுவாள், சண்டை போடுவாள், கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. முகம் சுண்டியது. எடை போட்டார். போட்டுவிட்டு இடுக்கியால் அந்த மூடிகளைத் தள்ளி வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இதுல இன்னொண்ணு கீதும்மா. பல்லுத் தங்கம். எச்சில். எச்சில் பட்ட தங்கத்துக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சுதான் எடுப்போம்."

"சேதாரமா?"

"சேதாரம் வேற. செய்கூலி வேற. இது எச்சில் கழிவு."

கனகவல்லிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. எச்சிலுக்குக் கழிவு. அவள் தின்றது, மென்றது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை போட்டு, அதையும் அவளிடமே பிடிக்கிறார்கள். எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம், உச்சந்தலை சுட்டது. துளசிங்கம் அவள் முழங்கையை இடித்தான். "கடையில வழக்கம்னு ஒண்ணு இருக்குமில்ல. பேஜார் பண்ணாத. குடுக்கறத வாங்கிகினு வா."

"நீ சும்மா இரு" என்றாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "மூக்குத்தி வாங்குறியே, அதுல சளி ஒட்டாதா? அதுக்கு இன்னா கழிவு? அர்ணாக்கொடி வாங்குறியே, அது எங்கெங்க உருண்டுட்டு வருது? அதுக்கு இன்னா கழிவு?"

தாலி பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதெல்லாம் வேறம்மா. எச்சில்னா ஒரு இது கீது. யாரு தொடுவா?"

"தொடாத சாமானத்த ஏன் வாங்குற?"

"உருக்கிடுவோமில்ல!"

"உருக்கினா எச்சில் போயிடுமா?"

"போயிடும்மா. நெருப்புல போனா எல்லாம் சுத்தந்தான்."

"அப்ப அந்த எச்சில் உனுக்குப் போயிடுது. எனுக்கு மட்டும் ஏன் போவல?"

பக்தவச்சலம் மறுபடியும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கனகவல்லி விடவில்லை. தாலிப்பொட்டைக் கையில் வைத்திருந்த அம்மாளிடம் நேராகத் திரும்பினாள். "யம்மா, நல்லா கேட்டுக்கங்க. எச்சில் தங்கம்னு எங்கிட்ட கம்மியா வாங்குவாராம். உருக்கி உங்ககிட்ட முழு வெலைக்குக் குடுப்பாராம். உங்க கையில கீற தாலில யாரு பல்லு கீதோ, கேட்டு வாங்குங்க."

அந்த அம்மாள் தாலிப்பொட்டைச் சட்டென்று தட்டில் போட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். பக்தவச்சலத்துக்கு எச்சில், கழிவு எல்லாம் மறந்துபோயிற்று. "யம்மா தாயே, ஒரு கழிவும் வேணாம், நீ உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டச்சுக்கு உண்டான விலையை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம், பூக்கம்மல் கொடு என்றாள் கனகவல்லி. பழையதைவிட ஒரு சுற்றுச் சின்னதாக ஒரு ஜோடி பொருந்தி வந்தது.

பக்தவச்சலம் கம்மலைச் சிவப்பு டப்பாவில் வைத்து, மூடி, துளசிங்கத்திடம் நீட்டினார். துளசிங்கத்தின் கையும் தானாக நீண்டது. இவ்வளவு நேரம் அவள்தான் நின்று பேசினாள், அவள் வாயிலிருந்துதான் அது வந்தது. இருந்தும் டப்பா அந்தப் பக்கம்தான் போகிறது. இருவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"பல்லு எங்கிட்டதான் புடுங்குனாங்க" என்று டப்பாவை நடுவிலேயே பறித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் எவ்வளவு ஏமாற்றப்பட்டவன் என்று மேடவாக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டினாள். ஷர்மிளாவின் கண் விரிந்தது. "சூப்பரா இருக்கும்மா! எப்படிம்மா வாங்கின?" கனகவல்லி பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாள். போனஸ், குரோம்பேட்டை, கண்ணாடி பாட்டில், எச்சில் கழிவு, ஒன்றுவிடவில்லை. மகள் சிரிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

ஷர்மிளா கம்மலைக் கீழே வைத்துவிட்டாள். "சீ... உன் வாயில இருந்ததாம்மா?"

"அது வேற கம்மல்டி. மாத்தி வாங்கினது."

"அந்தப் பல்லக் குடுத்துதானே வாங்கின? போட்டுக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வரும். வேணாம்மா. கவரிங்கே போட்டுக்கறேன், புதுசா வாங்கினா யாருக்குத் தெரியப்போகுது."

"இந்தப் பல்லால மென்னு ஊட்டினததான் தின்னு வளந்த நீ."

"அதெல்லாம் சின்ன வயசுலம்மா" என்று ஷர்மிளா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆஸ்பத்திரியில் குப்பை என்றார்கள், கடையில் எச்சில் என்றார்கள். அவர்களாவது சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்கள். யாருக்காக வாயிலிருந்த தங்கத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறாளோ அவள் கையைக்கூட நீட்டவில்லை. கனகவல்லிக்கு அழுகை வந்தது. அழவும் செய்தாள். பிறகு முகத்தைக் கழுவி, காதிலிருந்த கவரிங்கைக் கழற்றி ஜன்னல்மேல் வைத்துவிட்டு, பூக்கம்மலை எடுத்துத் தன் காதில் போட்டுக்கொண்டாள். திருகாணியை நன்றாக இறுக்கினாள்.

கல்யாணம் குன்றத்தூர் மலைக்கோயிலில். கனகவல்லி கம்மலோடு படியேறினாள். பார்த்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மணப்பெண்ணின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருந்தன்மையானவர்களுக்குக் கண் கூர்மையாக இருக்கும். பக்கத்திலிருந்த சொந்தக்காரியிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேருமாகப் பார்த்தார்கள்.

ஷர்மிளா மாலையோடு அம்மா பக்கம் ஒதுங்கி வந்தாள். "அம்மா, அந்தக் கம்மலக் கழட்டிக் குடும்மா. அத்தை பாத்துக்கிட்டே இருக்காங்க."

"எச்சில்டி அது."

"பரவாயில்லம்மா, குடு."

கனகவல்லி மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கை காதுவரைக்கும் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

"உனுக்குப் பரவாயில்ல. எனுக்கு?"

ஷர்மிளா கவரிங்கோடுதான் மணையில் உட்கார்ந்தாள்.